விடை வந்த பிறகு

பிளஸ் டூ கணக்கு படித்தவர்கள் யாரும் ஏணிக் கணக்கை மறந்திருக்க மாட்டார்கள். சுவரில் சாய்த்து வைத்த ஏணி. அதன் அடிப்பாகத்தை யாரோ சீரான வேகத்தில் சுவரைவிட்டு இழுத்துக்கொண்டு போகிறார். உச்சி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கேட்பார்கள். பிதாகரஸ் தேற்றத்தை எழுதி, நேரத்தைப் பொறுத்து இருபுறமும் வகையிட்டு, எண்களைப் போட்டால் முடிந்தது. வகை நுண்கணிதத்தில் இதைவிட உறுதியான ஐந்து மதிப்பெண் இல்லை என்று டியூஷன்களில் சொல்வது வழக்கம். அந்த ஏணிக் கணக்குதான் சில மாதங்களாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சாயங்காலங்களில் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவாள். கை வேகமானவள். சங்கிலி விதியோ பகுதித் தொகையிடலோ, எதைக் கொடுத்தாலும் பேனா நிற்காது. ஆனால் விடை வந்ததும் அதைச் சுற்றி ஒரு கட்டம் போடுவாள் பாருங்கள், அதோடு அந்தக் கணக்குக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அடுத்த கணக்கு. அந்தக் கட்டம்தான் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அவளிடம் மட்டுமல்ல, அவளோடு சேர்ந்து படிக்க வரும் பிள்ளைகள் எல்லாரிடமும் அதே கட்டம். வகைக்கெழுவை, அதாவது ஒன்று மாறும் வேகத்தை, சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள், அது என்ன சொல்கிறது என்று யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் அவள் ஏணிக் கணக்கைப் போட்டு முடித்துப் பக்கத்தைத் திருப்பப் போனபோது, கொஞ்சம் இருக்கச் சொன்னேன். கணக்கு இதுதான்: ஏணியின் நீளம் 5 மீட்டர். அடிப்பாகம் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் விலகுகிறது. அது சுவரிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது உச்சியின் வேகம் என்ன? அடியின் தூரம் எக்ஸ், உச்சியின் உயரம் ஒய். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஒய் ஸ்கொயர் எப்போதும் 25. வகையிட்டால், உச்சியின் வேகம் என்பது எக்ஸை ஒய்யால் வகுத்து அடியின் வேகத்தால் பெருக்கியது, முன்னால் ஒரு மைனஸ். எக்ஸ் 3 என்றால் ஒய் 4. விடை மைனஸ் 3/4. மைனஸ் என்றால் கீழ்நோக்கி. நொடிக்கு முக்கால் மீட்டர். எல்லாம் சரி.

"4 மீட்டர் தூரத்தில் என்ன வரும்?" என்றேன்.

"4/3" என்றாள், உடனே.

"4.9 மீட்டரில்?"

ஃபோனை எடுத்தாள். உயரம் ஏறக்குறைய 1 மீட்டர், வேகம் நொடிக்கு 4.9 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 4.99 போடச் சொன்னேன். 15.8 வந்தது. அதாவது மணிக்கு 57 கிலோமீட்டர். இப்போது அவளுக்கே சுவாரசியம் வந்துவிட்டது. நான் சொல்லாமலே 4.9999 போட்டாள். நொடிக்கு 158 மீட்டர். 4.999999 போட்டாள். நொடிக்கு 1581 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் சுமார் என்று அவளுக்குத் தெரியும். ஒருவர் நிதானமாக நடக்கும் வேகத்தில் அடியை இழுக்கிறார், அந்தப் பக்கம் ஏணியின் உச்சி ஒலியைப்போல் நாலரை மடங்கு வேகத்தில் தரையைத் தொடுகிறது. இன்னும் நெருங்கினால் ஒளியின் வேகத்தையும் தாண்டும். தூரம் 5 மீட்டரை நெருங்க நெருங்க வேகத்துக்கு எல்லையே கிடையாது.

"எங்கயோ தப்பு விட்டுட்டேன் சித்தி" என்று நோட்டைத் திரும்ப எடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நிதானமாகவே சொல்ல வேண்டும். அவள் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். பிதாகரஸ் சரி. வகையிட்டது சரி. 2 இரண்டு பக்கமும் அடிபட்டுப் போனது சரி. குறி சரி. மறுபடி தலைகீழாகப் போட்டுப் பார்த்தாள்: உயரத்தை வர்க்கமூலமாக எழுதி நேரடியாக வகையிட்டாள், அதே விடை. அப்புறம் கோணத்தை வைத்துப் போட்டாள், அதே விடை. நான் வாயே திறக்கவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "கணக்குல தப்பே இல்ல சித்தி. ஆனா விடை தப்பு" என்றாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு மாணவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நல்ல கணித வாக்கியம் இதுதான். வழிமுறை எல்லாம் சரியாக இருந்தும் விடை தப்பாக இருக்க முடியும் என்று ஒருவர் நம்பத் தொடங்கும் இடத்தில்தான் கணக்கு அவருடையதாகிறது. அதுவரை அது புத்தகத்தின் கணக்கு, கடைசிப் பக்கத்து விடையோடு ஒத்துப்போனால் போதும். புத்தகத்தில் விடை 3/4 என்றுதான் இருக்கும். 4.999999 மீட்டரில் என்ன என்று எந்தப் புத்தகமும் கேட்காது.

சரி, தப்பு எங்கே? வகையிடலில் இல்லையென்றால் அதற்கு முன்னால் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருப்பது ஒரே ஒரு வரி: எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஒய் ஸ்கொயர் 25. அந்த வரியைக் கணக்கு என்றே நாம் நினைப்பதில்லை, படம் வரைந்ததும் தானாக வந்துவிட்டதாக நினைக்கிறோம். ஆனால் அது ஒரு நிபந்தனையை மறைத்து வைத்திருக்கிறது. ஏணியின் உச்சி கடைசிவரை சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும் என்கிறது அது. யார் சொன்னது? உச்சியைச் சுவரோடு யாரும் கட்டி வைக்கவில்லை. சுவரால் ஏணியைத் தள்ள முடியும், பிடித்து இழுக்க முடியாது.

மேசை மேல் கிடந்த 30 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேலைப் பீரோவில் சாய்த்து வைத்தோம். அவள் அடியைப் பிடித்து மெதுவாக இழுத்தபோது உச்சி கிட்டத்தட்ட கடைசிவரை பீரோவை உரசிக்கொண்டே இறங்கியது. சட்டென்று இழுத்தபோது பாதி வழியிலேயே பீரோவைவிட்டு விலகி, காற்றில் சுழன்று தரையில் அடித்தது. ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தோம். விலகும் இடம் தெளிவாகத் தெரிந்தது: ஸ்கேலின் நுனிக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு இடைவெளி திறந்து, அது பெரிதாகிக்கொண்டே போகிறது.

அந்த இடத்தை எண்ணாகவும் கண்டுபிடிக்கலாம். பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் திருப்புவிசையும் நிலைமத் திருப்புத்திறனும் போதும். அடிப்பாகம் சீரான வேகத்தில் போவதால் அதோடு கூடவே நடப்பவர் பார்வையில் ஏணி அடியை மையமாக வைத்துச் சுழல்கிறது, அவ்வளவுதான். புவியீர்ப்பு தன்னால் எவ்வளவு வேகமாக அதைச் சுழற்ற முடியும் என்று ஒரு அளவு இருக்கிறது. சுவரோடு ஒட்டியிருக்க எவ்வளவு முடுக்கம் தேவை என்று இன்னொரு அளவு. இரண்டாவது முதலாவதைத் தாண்டும் கணத்தில் உச்சி சுவரைவிட்டு வந்துவிடும். எடை சீராகப் பரவிய 5 மீட்டர் ஏணி, உராய்வில்லாத சுவர், நொடிக்கு 1 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், உச்சி சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது பிரிகிறது. அப்போது அதன் வேகம் நொடிக்கு 4 மீட்டர்தான். அதற்குக் கீழே நம் சூத்திரம் சொல்வது எதுவும் அந்த ஏணிக்குப் பொருந்தாது. 1581 மீட்டர் என்று எழுதிய ஏணி அங்கே இல்லவே இல்லை.

அன்றைக்கு அவள் அடுத்த கணக்குக்குப் போகவில்லை.

பூஜ்யம் இல்லை, அப்புறம் பூஜ்யம்

இந்த ஏணி எனக்குப் பழைய கேள்வி ஒன்றை நினைவுபடுத்தியது. வகையிடலை முதன்முதலில் கற்றுக்கொடுக்கும்போது ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும் கேள்வி. எக்ஸ் ஸ்கொயரின் வகைக்கெழுவை அடிப்படையிலிருந்து காண்கிறோம். எக்ஸோடு எச் என்ற சிறு அளவைக் கூட்டி, வித்தியாசத்தை எச்சால் வகுக்கிறோம். 2 எக்ஸ் பிளஸ் எச் என்று வருகிறது. இப்போது எச்சுக்குப் பூஜ்யம் போடுகிறோம், 2 எக்ஸ். உடனே பின் பெஞ்சிலிருந்து ஒரு கை: "வகுக்கும்போது எச் பூஜ்யம் இல்லன்னு சொன்னீங்க. இப்ப பூஜ்யம்னு போடுறீங்க. எது சார் நிஜம்?"

பெரும்பாலான வகுப்புகளில் இதற்குக் கிடைக்கும் பதில், பரீட்சைக்கு அதெல்லாம் கேட்க மாட்டார்கள் என்பதுதான். அந்தப் பிள்ளை கையை இறக்கிவிடும். அது எவ்வளவு பெரிய கேள்வி என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அயர்லாந்தில் பிறந்த தத்துவவாதியும் பாதிரியாருமான ஜார்ஜ் பெர்க்லி 1734இல் இதையேதான் கேட்டார். நியூட்டனும் லைப்னிட்சும் உருவாக்கிய முறை ஐரோப்பா முழுக்க வெற்றிமேல் வெற்றி பெற்றுக்கொண்டிருந்த காலம். கோள்களின் பாதை முதல் வளைகோடுகளின் பரப்பு வரை எல்லாவற்றுக்கும் சரியான விடை வந்துகொண்டிருந்தது. சரியான விடை வருவது மட்டும் போதாது, நடுவில் ஒரு அளவைப் பூஜ்யமில்லை என்று வைத்துக்கொண்டு பிறகு பூஜ்யமாக்குகிறீர்களே, அது எப்படி நியாயம் என்றார் அவர். திருப்தியான பதில் வர வெகுகாலம் ஆனது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 1821இல் எல்லை (லிமிட்) என்ற கருத்தை நுண்கணிதத்தின் அஸ்திவாரமாக வைத்தார். அதற்கும் பிறகு ஜெர்மன் கணிதவியலாளர் வயர்ஸ்ட்ராஸ் அதை இன்று கல்லூரியில் படிக்கும் இறுக்கமான வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பாடப்புத்தகத்தில் முதல் அத்தியாயமாக வரும் எல்லை, வரலாற்றில் கடைசியாக வந்தது.

பதில் என்னவோ எளிமையானதுதான். எச் பூஜ்யமாவதே இல்லை. எக்ஸ் 3 என்று வையுங்கள். எச் 0.1 என்றால் சராசரி மாற்றம் 6.1. எச் 0.01 என்றால் 6.01. எச் 0.001 என்றால் 6.001. 6க்கு எவ்வளவு பக்கத்தில் வேண்டும் என்று நீங்கள் கேளுங்கள், அதற்குத் தகுந்த சிறிய எச்சை நான் தருகிறேன். நீங்கள் எவ்வளவு கறாராகக் கேட்டாலும் என்னால் தர முடியும் என்றால், எல்லை 6. எச்சைப் பூஜ்யமாக்கியது யாருமில்லை. கடைசி வரியில் 'எச்சுக்குப் பூஜ்யம் போடுகிறோம்' என்பது 2 எக்ஸ் பிளஸ் எச் மாதிரி ஒழுங்கான சார்புகளுக்கு மட்டும் செல்லுபடியாகும் குறுக்குவழி.

அக்கா மகள் 4.9, 4.99, 4.9999 என்று ஃபோனில் தட்டிக்கொண்டு போனாளே, எல்லையைத் தேடுவது அப்படித்தான். எக்ஸுக்கு நேராக 5 போட்டிருந்தால் பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்ற பிழைச் செய்திதான் வந்திருக்கும், கதை அங்கேயே முடிந்திருக்கும். நெருங்கிப் போனதால்தான் ஏணி தன் ரகசியத்தைச் சொன்னது. எல்லை என்ற அத்தியாயத்தை வெறும் பிரதியிடும் பயிற்சியாக நடத்தி முடிக்கும்போது, கேள்வி கேட்பதற்கென்றே செய்த கருவியைப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிடுகிறோம்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் லோபிதால் விதி படும் பாடு. பின்னத்தின் கீழும் மேலும் பூஜ்யமா, இரண்டையும் வகையிடு, மறுபடி போடு. இந்த விதி தெரிந்ததும் பிளஸ் ஒன்னில் படித்த எல்லாம் மறந்துபோகிறது. எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், மேலே காஸ் எக்ஸ், கீழே 1, விடை 1 என்கிறார்கள். சைனின் வகைக்கெழு காஸ் என்று எப்படித் தெரியும் என்று கேளுங்கள். அதை நிறுவுவதற்கே இந்த எல்லை வேண்டும்! தனக்குத் தானே சாட்சி சொல்வது வழக்கில் மட்டுமில்லை, கணக்கிலும் எடுபடாது. உண்மையான நிரூபணம் வட்டத்துக்குள் இருக்கிறது: ஆரம் 1 உள்ள வட்டத்தில் ஒரு சின்ன முக்கோணம், அதைவிடக் கொஞ்சம் பெரிய வட்டக்கோணப்பகுதி, அதைவிடப் பெரிய இன்னொரு முக்கோணம். மூன்று பரப்பையும் ஒப்பிட்டால் அந்த விகிதம் நடுவில் மாட்டிக்கொண்டு 1 ஆவதைத் தவிர வேறு வழியில்லை. கால்குலேட்டரை டிகிரியில் வைத்துக்கொண்டு சைன் 1 போட்டு 1ஆல் வகுத்துப் பாருங்கள், 0.01745 வரும். 1 வராது. கோணத்துக்கு ரேடியன் என்ற அலகு எதற்கு என்று பல வருஷம் கேள்வியே கேட்காமல் எழுதியவர்களுக்கு அந்த ஒரு எண் போதும்.

அந்த விதியைக் கண்டுபிடித்தவர் லோபிதாலும் அல்ல, யோஹான் பெர்னூலி என்ற சுவிஸ் கணிதவியலாளர். லோபிதால் பிரபு 1694இல் பெர்னூலிக்கு வருஷத்துக்கு 300 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கொடுத்து, அவருடைய கண்டுபிடிப்புகளைத் தனக்குத் தரும்படி ஏற்பாடு செய்துகொண்டார். 1696இல் வெளியிட்ட தன் நூலில் இந்த விதியைச் சேர்த்தார். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

கை பழகட்டும், ஆனால்

என் தோழி ஒருத்தி அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னது: "உனக்கு முன்னாடி ஒரே பிள்ளை உட்கார்ந்திருக்கு. எனக்கு முன்னாடி ஐம்பது. அதுல பாதிப் பேருக்குப் பின்னத்தைச் சுருக்கவே தகராறு. சங்கிலி விதி கைக்கு வராத பிள்ளைகிட்ட போய் ஏணி சுவரை விட்டு எப்ப விலகும்னு கேட்டா, அது கணக்கையே விட்டு விலகிடும்டி."

அவள் சொல்வதை ஒதுக்க முடியாது. பயிற்சியை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கும் உடன்பாடு இல்லை. அக்கா மகளுக்கு வகையிடல் கை வந்திருந்ததால்தான் அன்றைக்கு மூன்று வழியில் போட்டுப் பார்த்து, தப்பு அங்கே இல்லை என்று அடித்துச் சொல்ல முடிந்தது. கை பழகாத பிள்ளை தன் மேலேயே சந்தேகப்பட்டு நின்றிருக்கும். ஆக, இருபது கணக்கு போடும் இடத்தில் இரண்டு போதும் என்று நான் சொல்ல வரவில்லை. இருபதில் ஒன்றையாவது கட்டம் போட்டதோடு விடாமல் இன்னும் ஒரு வரி எழுதச் சொல்லலாம். அந்த விடை எந்த அலகில் இருக்கிறது, அதன் குறி நியாயமாக இருக்கிறதா, எண்ணை ஓரத்துக்குத் தள்ளினால் என்ன ஆகிறது. ஐம்பது பேர் வகுப்பிலும் இதற்கு ஐந்து நிமிஷம் கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். தோழி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு தொடர்கிறது.

தொகையிடலில் இந்த ஒரு வரி இல்லாமல் போவது இன்னும் மோசம். மைனஸ் 1 முதல் 1 வரை, 1 கீழ் எக்ஸ் ஸ்கொயரைத் தொகையிடச் சொல்லிப் பாருங்கள். தொகையீடு மைனஸ் 1 கீழ் எக்ஸ். மேல் எல்லையைப் போட்டால் மைனஸ் 1, கீழ் எல்லையைப் போட்டால் 1, கழித்தால் மைனஸ் 2. கட்டம். ஆனால் அந்தச் சார்பின் வரைபடம் முழுக்க எக்ஸ் அச்சுக்கு மேலேயே இருக்கிறது, எங்கேயும் கீழே இறங்கவே இல்லை. மேலே மட்டும் இருக்கும் வளைகோட்டின் கீழ் உள்ள பரப்பு எப்படி மைனஸ் 2 ஆகும்? நடுவில் பூஜ்யத்தில் சார்பு வானத்துக்குப் போய்விடுகிறது. பூஜ்யத்துக்கு வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி, 0.01இலிருந்து 1 வரை தொகையிட்டால் 99 வரும். 0.0001இலிருந்து என்றால் 9999. அந்தப் பரப்புக்கு முடிவே இல்லை. இங்கேயும் தப்பு வகையிடலிலோ தொகையிடலிலோ இல்லை, இரண்டு எல்லைகளையும் போட்டுக் கழிக்கச் சொல்லும் தேற்றத்தை, அதைப் பயன்படுத்த அனுமதி இல்லாத இடத்தில் பயன்படுத்தியதில் இருக்கிறது. மைனஸ் 2ஐப் பார்த்ததும் திடுக்கிட வேண்டாமா?

திடுக்கிடுவது ஒரு பக்கம் என்றால், விடையைப் படிப்பதில் சந்தோஷமும் உண்டு. வட்டத்தின் பரப்பு பை ஆர் ஸ்கொயர். ஆரத்தைப் பொறுத்து வகையிட்டால் 2 பை ஆர். அது சுற்றளவு! எத்தனையோ பேர் இந்த வரியை எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஆரம் துளி கூடும்போது வட்டத்தைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று சேர்கிறது, அதன் நீளம் சுற்றளவு, அகலம் அந்தத் துளி. அப்படி வளையம் வளையமாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் முழுப் பரப்பு கிடைக்கும், அதுதான் தொகையிடல். கோளத்தின் கன அளவை வகையிட்டால் 4 பை ஆர் ஸ்கொயர், அதன் வெளிப்பரப்பு, வெங்காயத்தின் மேல்தோல் மாதிரி. அப்படியானால் சதுரத்துக்கு ஏன் நடக்கவில்லை, எக்ஸ் ஸ்கொயரை வகையிட்டால் 2 எக்ஸ்தானே வருகிறது, சுற்றளவு 4 எக்ஸ் ஆயிற்றே என்று படிக்க வந்த பையன் ஒருவன் மடக்கினான். சதுரத்தின் பக்கம் கூடும்போது ஒரு மூலையை அசையாமல் வைத்தால் இரண்டு பக்கத்தில் மட்டும்தான் புதுப் பட்டை சேரும். நடுவிலிருந்து நாலு பக்கமும் விரிய வைத்து, பாதிப் பக்கத்தை அளவாக எடுத்துக்கொண்டால் பரப்பு 4 எக்ஸ் ஸ்கொயர், வகையிட்டால் 8 எக்ஸ், சுற்றளவும் 8 எக்ஸ். அவனே வரைந்து அவனே கண்டுபிடித்தான்.

கூம்புத் தொட்டி

போன வாரம் அக்கா மகள் கூம்புத் தொட்டிக் கணக்கைக் கொண்டுவந்தாள். தலைகீழாக நிற்கும் கூம்பு, உயரம் 12 மீட்டர், மேலே ஆரம் 5 மீட்டர். நிமிஷத்துக்கு 10 கன மீட்டர் தண்ணீர் விழுகிறது. ஆழம் 8 மீட்டராக இருக்கும்போது நீர்மட்டம் எவ்வளவு வேகமாக உயர்கிறது? நிமிஷத்துக்கு 0.29 மீட்டர் சுமார். கட்டம் போட்டிருந்தாள். கட்டத்துக்குக் கீழே இன்னும் சில வரிகள். ஆழம் 1 மீட்டர் என்றால் நிமிஷத்துக்கு 18 மீட்டர். 10 சென்டிமீட்டர் என்றால் 1833 மீட்டர். அடியில் கூம்பின் நுனியை நெருங்க நெருங்க வேகத்துக்கு எல்லை இல்லை.

"இதுவும் ஏணி மாதிரிதான் சித்தி. அப்ப இந்தக் கணக்கும் பொய்யா?"

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவளே தொடர்ந்தாள். தொட்டியில் முதல் 1 மீட்டர் நிறைய எவ்வளவு நேரமாகும் என்று போட்டுப் பார்த்திருக்கிறாள். நுனிப்பக்கம் கொள்ளளவு துளியூண்டுதான், 0.18 கன மீட்டர். ஒரு நொடி போதும். 8 மீட்டர் நிறைய 9 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். முழுத் தொட்டிக்கு 31 நிமிஷம். ஆரம்பக் கணத்தில் வேகத்துக்கு அளவே இல்லை என்றாலும் உயரம் ஒழுங்காகத்தான் கூடுகிறது, எங்கேயும் தாவவில்லை. வரைபடம் தொடக்கப் புள்ளியில் செங்குத்தாக எழுந்து, அப்புறம் வளைந்து சாய்கிறது. தொடர்ச்சி இருக்கிறது, அந்தப் புள்ளியில் வகைக்கெழு இல்லை.

ஆனால் ஏணியின் உயரத்துக்கும் இதே கதைதான், முடிவில் அதன் வரைபடமும் செங்குத்தாகத்தான் தரையில் இறங்குகிறது. கணக்குப்படி இரண்டும் ஒன்று. அப்படியிருக்க ஏணியை நம்ப மறுத்தோம், தொட்டியை மட்டும் எப்படி நம்புவது? இங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் மல்லுக்கட்டினோம். என் கட்சி இது: ஏணியின் உச்சி ஒரு பொருள். அதற்கு எடை உண்டு, அதை அந்த வேகத்துக்குக் கொண்டுபோக ஏதாவது ஒன்று தள்ள வேண்டும், தள்ள அங்கே ஒன்றும் இல்லை. நீர்மட்டம் பொருளே இல்லை, ஒரு அளவு. மேலிருந்து விழும் தண்ணீர் ஏற்கெனவே தேங்கியதன் மேல் படிகிறது, எந்தத் துளியும் நிமிஷத்துக்கு 1833 மீட்டர் வேகத்தில் மேலே ஓட வேண்டியதில்லை.

அவள் பாதிதான் ஒத்துக்கொண்டாள். நிஜமான தொட்டியில் ஊசி மாதிரி நுனி இருக்காது, அங்கே ஒரு குழாய்தான் இருக்கும், அதனால் நுனியைப் பற்றிய கேள்வியே நிஜத்தில் வராது என்பது அவள் கட்சி. "சுவரை விட்டு ஏணி வந்துடும்னு சொன்னோம்ல, அதே மாதிரி இங்க கூம்புங்கிற வரிதான் முதல்ல உடையும்" என்றாள். அப்படியானால் தண்ணீரைக் கீழேயிருந்து, அந்தக் குழாய் வழியாக ஏற்றினால் என்ன ஆகும், அப்போது துளிகள் உண்மையிலேயே மேல்நோக்கி ஓட வேண்டுமே என்று நான் கேட்டேன். குழாயின் அகலத்தை ஒரு எழுத்தாக வைத்துக்கொண்டு, அதைப் பூஜ்யத்தை நோக்கி நெருக்கிப் பார்க்கலாம் என்று பக்கத்தைத் திருப்பி எழுதத் தொடங்கியிருக்கிறாள்.